இருபத்தைந்து சென்ட்

சுகிர்தா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள்.
ஹானோவரில் மதியம் இரண்டு. காட்பாடியில் ஐந்தரை,
மொட்டைமாடியில் இன்னும் கால் வைக்க முடியாது.

போன குளிருக்கு ஒரே ஒரு ரூமில்தான்
ஹீட்டர் போட்டேன் என்றாள்.
ஃபேனை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைத்ததை
நான் சொன்னேன்.
சிரித்தோம்.
எழுபத்தொன்பதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
சலைன் கணக்குப் போட்டவர்கள் நாங்கள்:
நிமிடத்துக்கு எத்தனை துளி.

பென்ஷன் கடிதத்தை கேமராவுக்கு நேரே பிடித்தாள்.
வருடத்துக்கு ஒரு வரி.
நடுவில் பிள்ளைகள், அப்புறம் மாமியார்,
அப்புறம் அரைநாள் வேலை.
எழுத்தெல்லாம் ஜெர்மன்.
பூஜ்யம் மட்டும் எனக்கு வாசிக்க வந்தது.

என் கணக்கில் அந்த வரிகள்கூட இல்லை.
ஆற்காடு ரோடு நர்சிங்ஹோம்
மூன்று முறை பெயர் மாற்றிக்கொண்டது,
மூன்று முறையும் நான் புதிதாய்ச் சேர்ந்தவள்.
"இடையில என்னம்மா பண்ணீங்க?"
பி.எஃப். ஆபீஸ் பையன் கேட்டான்.
அதே வார்டில் அதே கட்டிலைத்
தள்ளிக்கொண்டிருந்தேன் என்றேன்.
அதற்கு அவனிடம் கட்டம் இல்லை.

பேச்சோடு பேச்சாய் ஒன்று சொன்னாள்.
ஸ்டேஷனில் நம் வயசுக்காரி ஒருத்தி,
நல்ல கம்பளிக் கோட்டு, காதில் முத்து,
குப்பைத்தொட்டிக்குள் டார்ச் அடித்து
காலி பாட்டில் பொறுக்குகிறாளாம்.
கடையில் திருப்பிக் கொடுத்தால்
ஒன்றுக்கு இருபத்தைந்து சென்ட்.
"சனிக்கிழமை மூணாம் பிளாட்பாரத்துல நிறைய கிடைக்கும்,
மேட்ச் பார்த்துட்டு வர்ற பசங்க.
நசுங்கினதை மெஷின் எடுக்காது.
கையுறை போட்டா வழுக்கும்..."

வழுக்கும் என்றவள்
முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை,
ரிட்டயர் ஆனவள்
இந்த நேரத்துக்கு எதற்கடி ஃபிளாஸ்க் கழுவுகிறாய் என்று.

பாகாயம் பஸ்ஸில் நின்றபடி போனேன்.
தோட்டப்பாளையம் லாட்ஜ், அறை எட்டு,
கல்கத்தாவிலிருந்து வந்த ஆபரேஷன் கேஸ்.
இரவுக்கு எழுநூறு, சாப்பாடு நம்முடையது.
அவர் மனைவிக்குத் தூக்கம் கொடுப்பதுதான் என் வேலை.
ஜல் என்றால் தண்ணீர், பேதா என்றால் வலி,
அதற்குமேல் இரவில் பாஷை தேவைப்படாது.

இரண்டு மணிக்கு அவர் அயர்ந்தார்.
கட்டிலடியில்
ஒன்பது காலித் தண்ணீர் பாட்டில்.
இரண்டேகால் யூரோ.
ஒன்றையும் நசுக்காமல்
சுவரோரமாய் நிறுத்திவைத்தேன்.