விளிம்பில் ஓர் எண்

துடைக்காதே என்று எழுதியிருந்தார்
லீட்ஸ் நகரத்துச் சேகரிப்பாளர்.
துடைத்தால் விலை இறங்குமாம்.
நான் துடைக்கவில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தேன்:
பழைய சாவிக்கொத்தின் மணம்.

செட்டியார் தெருவில்
உருக்குவதற்கென்று நிறுத்துக் குவித்த வெள்ளிக்குள்
கொலுசுகளோடு கிடந்ததாம்.
ஒரு பக்கம் ராணி, மூக்குத் தேய்ந்து.
மறுபக்கம் ஏதோ ஒரு மரம், அதன் கீழ்
ஏதோ ஒரு மிருகம் மண்டியிட்டு.
விளிம்பில் நகத்தை வைத்துச் சுற்றினால்
பெயர் தட்டுப்படும்: எஸ். கிச்சில்.
பெயருக்கு முன்னால் ஒன்று, ஒன்று, நான்கு,
பிறகு ஒரு இலக்கம்.
அதன் மேல்தான் யாரோ
கழுத்தில் போட வளையம் பற்றவைத்திருக்கிறார்கள்.

138 பஸ்ஸில் தும்முல்லையில் இறங்கி நடந்தேன்.
சுவடிக் காப்பகத்தில் பேனை வாசலோடு சரி,
உள்ளே பென்சில்தான்.
விமலசிரி பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு
மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்,
தாள் பறந்ததும் திரும்பவும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

1141, சாதின் கிச்சில். கொல்லப்பட்டார்.
1147, சைதீன் கிச்சில். ஓடிப்போனார்.
ஒரே மாதம். ஒரே போர்.
வலப்பக்கம் சாய்ந்த அதே கையெழுத்து.
யாரை அடக்கப் போனார்களோ அந்த ராஜாவின் பெயரை
மூன்று பக்கத்தில் மூன்று விதமாய் எழுதிய கிளாக்கர்
கோவேறு கழுதைகளை மட்டும்
அறுபத்திரண்டு என்று எல்லாப் பக்கத்திலும்
சரியாக எண்ணியிருக்கிறார்.

கொல்லப்பட்டவன் என்றால் நானூறு பவுண்.
ஓடியவன் என்றால் வெள்ளியின் நிறை.
எனக்குப் பத்தில் ஒன்று.
என் வீட்டில் மின்சாரக் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி.
சாகட்டும் என்றுதான், உண்மையைச் சொன்னால்,
நானும் பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்.

மூன்றாம் நாள், வேறு பெட்டி, வேறு நாடா.
கொம்பனித்தெரு ஞெய் சலிமாவின் விண்ணப்பம்.
காசுக்கு எழுதுபவனின் வளைந்து நெளிந்த இங்கிலீசுக்குள்
அவள் நேராக நிற்கிறாள்:

இருவரும் என் வீட்டிலிருந்துதான் கப்பலேறினார்கள்.
ஒருவன் புருஷன், ஒருவன் அவன் தம்பி.
கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்ப்பார்கள்,
உங்கள் கந்தோரில் யாருக்குத் தெரியும் எவன் எவனென்று?
செத்தவன் புருஷன் என்றால் பென்ஷன் தாருங்கள்.
தம்பி என்றால் அந்தப் பதக்கத்தையாவது தாருங்கள்,
அவனுக்கும் என்னைவிட்டால் ஆளில்லை.

கீழே ஒரு பெருக்கல் குறி. அது அவள்.
ஓரத்தில் சிவப்பு மை:
பதக்கம் கொடுக்கலாம். பென்ஷன் வேண்டாம்.
எவன் என்பதற்குப் பதில் இல்லை.

பின்னேரம் ரைபிள் தெருவுக்குப் போனேன், ஏனென்று தெரியாது.
கண்ணாடிக் கோபுரத்தின் நிழல்
பாதி வீடுகளின் மேல், மிச்சப் பாதி வீடுகள் இல்லை.
பேர வாவியின் நாற்றம் மட்டும் அப்படியே.
யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
ஒரு பிளேன்ரீ குடித்தேன், சீனி கூட.

அடுத்த நாள் செட்டியார் தெரு ஆசாரி
பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்:
இது பழைய பற்று. நல்ல கைவேலை.
ஆனால் வளையம் வைக்கிற இடமா இது?
மேலே, ராணியின் தலைக்கு நேரே வைத்தால்தானே நேராகத் தொங்கும்?
இப்படி வைத்தால் கோணலாகத்தான் தொங்கியிருக்கும்.
கேட்டு வைத்ததுபோல இருக்கிறது.

கழற்றினால் இலக்கம் தெரியும், ஒரு நிமிட வேலை என்று
ஊதுகுழலை எடுத்தார்.
நீலச் சுடர் வெள்ளிக்கு ஒரு விரற்கடை தூரத்தில்.
நான் கையை நீட்டினேன்.
தாருங்கள், போதும்.

அறிக்கையில் எழுதினேன்:
கடைசி இலக்கம் வாசிக்க முடியவில்லை.
விண்ணப்பத்தின் நகல் இணைத்திருக்கிறேன்.

பத்து நாளில் பதில் வந்தது.
விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
வளையம் பற்றவைத்ததால்
விலை இன்னும் குறைவாம்.