நூறு கண்ணி

காலில் கிடந்ததைக் கழற்றிவிட்டுக்
கையில் வேறொன்றைக் கொடுத்தார்கள்.
நன்னடத்தைக்குப் பரிசாம்.
நூறு கண்ணி, அறுபத்தாறு அடி,
பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைப் பல்.
இரண்டுக்கும் சங்கிலி என்றுதான் பெயர்.

முன்முனை நான் பிடிப்பேன்,
பின்முனை நெல்லூர்ச் செங்கய்யா.
இருவர் நெற்றியிலும் பச்சை குத்திய குற்றம்.
கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார் அளவைத் துரை,
அதற்குச் சற்று மேலே பார்ப்பார்,
எழுத்து வெயிலில் வெளுத்ததா என்று
சோதிப்பவர் போல.

காலாங் ஆற்றின் முகத்தில்
அலையாத்தி வேர்களுக்கிடையே இடுப்பளவு சேறு.
இழு என்றால் இழுத்தோம்.
முளையடி என்றால் அடித்தோம்.

அங்கே படகுகள் கிடந்தன,
பதினெட்டோ இருபதோ.
ஓலைக்கூரை, மண் அடுப்பு, ஒரு நாய்,
தொட்டில் கட்டத் தேவைப்படாத பிள்ளைகள்.
ராத்திரி கிடந்த இடத்தில்
காலையில் இருக்காது படகு.
துரை புள்ளி வைப்பதற்குள்
புள்ளி நகர்ந்துவிடும்.
மூன்றாம் நாள் சலித்துப்போய்
அந்த இடத்தைக் காகிதத்தில்
வெள்ளையாகவே விட்டுவிட்டார்.

மீன் கொண்டுவந்தவளிடம் பெயர் கேட்டேன்.
மெலூர் என்றாள்.
தூக்கிவாரிப் போட்டது எனக்கு.
மேலூர்க் கச்சேரியில்தான்
எனக்குத் தீவாந்தரம் எழுதினார்கள்.
இவர்கள் பாஷையில் அது மல்லிகையாம்.
அன்றோடு அந்தப் பெயர்
எனக்குள் இரண்டாகப் பிளந்தது.
ஒரு பாதி மட்டும் மணத்தது.

மெலூர் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள்.
உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்குமே என்றாள்.
இதில் என்ன மீன் பிடிப்பீர்கள் என்றாள்.
எனக்குத் தெரிந்த மலாய் பத்துச் சொல்.
நிலம் பிடிக்க, என்றேன்.
அவள் கரையைத் திரும்பிப் பார்த்துச்
சிரித்துவிட்டாள்:
'அதுதான் ஓடாதே!'

காடைக்கு வைப்பதும் கண்ணிதான் எங்கள் பேச்சில்.
அதை அவளுக்குச் சொல்ல
பதினோராவது சொல் என்னிடம் இல்லை.

அடுத்த மழைக்கு உத்தரவு வந்தது.
அவர்கள் தலைவர் சொன்னதாகத் துரை சொன்னார்.
கும்பெனி சொன்னதாகத் தலைவர் சொன்னாராம்.
படகுகள் நீரிணை தாண்டி
வடக்கே ஏதோ ஓர் ஆற்றுக்குப் போயின.
நாய் மட்டும் தரையில் நின்றது.
குரைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து
விறகுத் தோணிக்காரன் சொன்னான்: அம்மை.
எத்தனை படகு மிச்சம் என்றேன்.
அவனுக்கு ஒரு கை விரலே போதுமாயிருந்தது.
மல்லிகையைப் பற்றிக் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
எங்கள் கப்பலிலும் ஏறித்தான் வந்தது அது.
ஏழு பேரைக் கடலில் இறக்கினோம்.
நான் பிழைத்தேன், முகம் நிறையத் தழும்போடு.

விடுதலைச் சீட்டு கிடைத்தபின்
மாட்டுக்கொட்டில் போட ஒரு துண்டு நிலம் கேட்டேன்.
கொடுத்தார்கள்.
முன்ஷி பத்திரத்தை வாசித்தார்:
கிழக்கே ஆறு. வடக்கே செங்கல் சூளை.
முன்னர்க் குடியிருந்தோர் எவருமில்லை.

திரும்பப் படியுங்கள் என்றேன்.
எவருமில்லை என்றார்,
காது கேளாதவனுக்குச் சொல்வதுபோல் உரக்க.
அந்த எவருமில்லையில்
முளையடித்துக்கொண்டு நானும் நின்றேன் ஐயா
என்று சொல்லியிருக்கலாம்.
கீறல் போடு என்றார்.
போட்டேன்.

பௌர்ணமி ஏற்றத்தில் ஆறு
எல்லைக்கல்லைத் தாண்டிக் கொட்டில்வரை வரும்,
குளம்புகளை நனைத்துவிட்டுத் திரும்பும்.
போன மாதம் ஒன்றை விட்டுப் போனது.
மண் அடுப்பின் குமிழ்,
மூன்றில் ஒன்று, புகைக்கரி இன்னும் அப்பியபடி.
எடுத்து வைக்கவுமில்லை, எறியவுமில்லை.
கட்டுத்தறி ஓரம் கிடக்கிறது.
சினைமாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டுக்
கயிறு எட்டும் மட்டும்
விலகிப் படுக்கிறது.