மேலாளருக்குக் காய்ச்சல் வந்த வாரம்

கிளைபேடா துறைமுகத்தின் முதுகுப் பக்கம்
மீனுக்குப் புகைபோடும் ஆலையில்
புதியவர்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுத்தருவது என் வேலை.
செவுளுக்குக் கீழே ஒரு கீறல்
வயிற்றோடு ஓர் இழுப்பு
குடலைக் கட்டைவிரலால் வழித்து
இடப்பக்கத் தொட்டியில்.
பத்தாம் நாள் கை பழகிவிடும்.
முப்பதாம் நாள் பேசிக்கொண்டே அறுப்பார்கள்.
அறுபதாம் நாள் என்னைவிட வேகம்.
எண்பத்தொன்பதாம் நாள்
பெர்னோத்தாஸ் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிடுவார்.

தகுதிகாண் காலம் என்கிறது ஒப்பந்தம்.
மூன்று மாதம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.
பொருத்தமான சொல்தான்.
தகுதியைக் கண்டபிறகுதான்
அனுப்புகிறார்கள்.

"குழுவோடு ஒட்டவில்லை" என்றாராம் தங்குவோலேயிடம்.
குழு என்றால் நாங்கள் நான்கு பேர்.
முந்தைய புதன்கிழமைதான்
அவள் கொண்டுவந்த கம்பு ரொட்டியைப்
பிய்த்துப் பிய்த்துத் தின்றிருந்தோம்.
அவுஷ்ரினேயிடமும் அதையே சொன்னார்.
பழுதான தராசைக் கொண்டை ஊசியால்
சரிசெய்தவள் அவள்.
தராசு இன்றுவரை ஓடுகிறது.

என்னை நிரந்தரமாக்கியது என் கத்தியல்ல.
ஒன்பது வருடம் முன்பு, என் எண்பத்தொன்பதாம் நாளில்
பெர்னோத்தாஸுக்குப் படுக்கை கொள்ளாத காய்ச்சல்.
கூப்பிட ஆளில்லை.
திங்கள் வந்தேன், அறுத்தேன். செவ்வாயும் அப்படியே.
புதன்கிழமை சிவந்த மூக்கோடு வந்தவர்
நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
விரல்விட்டு எண்ணினார்.
பிறகு தும்மினார்.
"சரி, போய் வேலையைப் பார்."
என் தகுதியைக் கண்டது
ஒரு வைரஸ்.

அதனால் மணிக்கு இருபது சென்ட் அதிகம் எனக்கு,
குளிர்காலப் போனஸ்,
சம்பளத்தோடு விடுப்பு.
அதனால் வாயும் மூடியிருந்தது.
நான் நன்றாகக் கற்றுத்தரத் தர
பண்டிகைக்கு முன்பே பெட்டிகள் நிறைந்தன.
நிறைந்தால் அழைப்பு சீக்கிரம் வரும்.
தெரியும். கற்றுத்தந்தேன்.

பதினேழாம் எண் அலமாரியின் கதவுக்கு உட்புறம்
போகிறவர்கள் யாரோ தொடங்கிவைத்த வழக்கம்,
கறுப்புப் பேனாவில் எண்கள்:
89. 88. 89. 89. 87.
துடைக்க வந்த பெண்ணிடம்
அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.
என்னால் ஆன துணிச்சல் அவ்வளவு.

ஜனவரியில் வந்தாள் ஜீத்ரே.
முதல் நாளே கதவைத் திறந்து கேட்டாள்:
"இது என்ன, பூட்டின் ரகசிய எண்ணா?"
ஆமாம் என்றேன்.

பொய்யை நம்பினாளோ இல்லையோ,
மறுநாள் ஒரு கோடுபோட்ட நோட்டோடு வந்தாள்.
தினமும் மாலை, உறையைக்கூடக் கழற்றாமல்:
"இன்றைக்கு நூற்றுப் பத்து கிலோ. சரிதானே?
இங்கே ஒரு கையெழுத்து."
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
மீன் வாடையடிக்கும் பக்கங்களில்
என் பெயர் கீழே கீழே இறங்கிக்கொண்டு போனது.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவள் நோட்டை மேசைமேல் வைப்பது தெரிந்தது.
அவர் ஒரு பக்கம் புரட்டினார்,
இன்னொன்று, இன்னொன்று.
பிறகு தலைதூக்கி
அவளையல்ல, என்னைப் பார்த்தார்.
என் கையில் பாதி அறுத்த மீன்.

அவளையும் அனுப்பிவிட்டார்கள்.
காரணம்தான் வேண்டியதில்லையே.
போகும்முன் அலமாரிக் கதவைப் படமெடுத்தாள்.
தன் எண்ணை எழுதவில்லை.
தொழிலாளர் அலுவலகம் எந்தப் பேருந்தில் என்று மட்டும் கேட்டாள்.
எட்டாம் எண் என்றேன்.
அது பொய்யில்லை.

இன்று திங்கள்.
பதினேழைத் திறந்துவிட்டு ஒரு பையன் நிற்கிறான்.
மீசை இன்னும் முளைத்து முடியவில்லை.
"அக்கா, இந்த எண்களெல்லாம்..."
கண்ணாடி அறையில் விளக்கு எரிகிறது.
அலுவலகத்திலிருந்து கடிதம் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

நாள்கள், என்றேன்.
குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.
இடைவேளையில் எதிர்க்கடைக்குப் போய்
ஒரு நோட்டு வாங்கி வா.
கோடுபோட்டது.