இரண்டாம் பக்கம், மூன்றாவது குறிப்பு

கொழும்பிலிருந்து வந்த ஷெரீன் மிஸ்
எங்கள் பதினொரு பேருக்கும் தாள்க்கட்டு ஒன்று தந்தா.
மென்திறன்கள்: புதிதாய்ச் சேர்ந்த உத்தியோகத்தருக்கு.
கை குலுக்கும் விதம், கண்ணைப் பார்க்கும் விதம்,
மின்னஞ்சலில் எங்கே நன்றி, எங்கே அன்புடன்.
வவுனியாவில் நாலு வருடம் வணிகம் படித்து
ஐந்தொகையின் இரு பக்கமும் சமப்படுத்தத் தெரிந்த நான்
கிளிநொச்சிக் கிளையின் கண்ணாடிக் கதவில்
என் நிழலுக்குக் குட் மோர்னிங் சொல்லிப் பழகினேன்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது குறிப்பு:
வாடிக்கையாளரின் குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள்.
இறுக்கம் தளரும்.

மார்கழி வெள்ளம் வடிந்த கிழமை முதல் கோப்பு வந்தது.
லாண்ட்மாஸ்டர். மூன்று தவணை நிலுவை. முரசுமோட்டை.
பரந்தன் சந்தி திரும்பும்வரை
வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.
ஹெல்மெட்டுக்குள் என் குரல்
வானொலி அறிவிப்பாளரின் குரல்போல் இருந்தது.

இந்திராதேவி அக்கா படலையைத் திறக்கவில்லை.
நாய் குரைத்தது. நான் சிரித்தேன்,
பல் அதிகம் தெரியாமல், தாளில் உள்ளபடி.
"ஹெல்மெட்டைக் கழட்டும் பிள்ளை.
ஆரெண்டு தெரியாமல் என்னத்தைக் கதைக்கிறது?"

அது தாளில் இல்லை.

தேத்தண்ணி வந்தது. உற்றுக் கேட்டல் தொடங்கியது:
அவர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள்.
குளத்துக் கதவு திறந்து
குடலைப் பயிர் ஆறு நாள் தண்ணிக்குள் கிடந்தது என்றா.
"அதாவது, கதவு திறந்தபடியால்
பயிர் ஆறு நாள் தண்ணிக்க கிடந்திருக்கு."
"ஓம், அதைத்தானே சொன்னனான்,"
என் காதில் ஏதும் குறையோ என்று பார்த்தா.

வியர்த்தது. மூன்றாவது குறிப்பைத் தொட்டேன்.
"உங்களுக்கு எத்தனை பிள்ளையள் அக்கா?"

நாய்கூட அடங்கிப்போனது என்று எழுத ஆசை.
இல்லை, அது குரைத்துக்கொண்டுதான் இருந்தது.
"நாலு," என்றா.
கொடியில் காய்ந்தது இரண்டு பேரின் உடுப்பு.

எனக்குத் தெரியாததல்ல.
புதுக்குடியிருப்பில் பிறந்தவள் நான்.
பத்து வயதில், முகாமில் பெயர் பதிய வந்தவர்
இதே கேள்வியைக் கேட்டபோது
அம்மா ஒரு விரலை மடித்தா, நிமிர்த்தினா, திரும்ப மடித்தா.
இன்றைக்கும் பஸ்ஸில் யாரும் கேட்டால்
ஆளைப் பார்த்துத்தான் எண்ணிக்கை சொல்லுவா.
இவ்வளவும் தெரிந்த வாயால்
ஒரு தாள் சொன்னதற்காகக் கேட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.
ஆறிய தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அக்காதான் கதைத்தா.
"மேட்டில ஒரு ஏக்கர் தப்பினது. மாசியில வெட்டுவம்.
ஒரு தவணை தரலாம், ரெண்டு ஏலாது. எழுதும்."

கணினியில் காரணத்துக்கு மூன்று தெரிவு இருந்தது:
நோய், வேலையிழப்பு, விருப்பமின்மை.
வெள்ளம் கடலுக்குப் போய்விட்டதுபோல. 'மற்றவை' அழுத்தினேன்.
ரமணதாஸ் சேர் கோப்பைத் தட்டினார்.
"ரெண்டு தவணை எண்டு போடும்.
மென்திறன் வகுப்புக்கு விட்டது
மெழுகாகி வரச்சொல்லியா?"
கண்ணைப் பார்த்தேன். குரல் நடுங்கியது, உண்மை.
"அவ ஒண்டு எண்டுதான் சொன்னவ சேர்.
நாங்கள் ரெண்டு எண்டு எழுதினால்
மாசியில பொய்க்காரி அவவாயிடுவா."
அவர் ஏசியைக் கூட்டினார். கையெழுத்து வைத்தார்.
என் மதிப்பீட்டுத் தாளில்
தொடர்பாடலுக்கு ஐந்தில் இரண்டு.

சித்திரைக்குப் பிறகு வினோஜன் என்று ஒரு பெடியன் சேர்ந்தான்,
கழுத்துப்பட்டி இறுக்கி, புதுச் சப்பாத்துக் கடிக்க.
தாள்க்கட்டைப் பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.
மூன்றாவது குறிப்பைப் பேனையால் வெட்டியிருந்தேன்.
பிரதியில் என் கோடு வெளிறி விழுந்தது,
கீழே உள்ளதை இன்னும் வாசிக்கலாம்.
பக்கத்து ஓரத்தில் கையால் எழுதினேன்:
முதலில் ஹெல்மெட்டைக் கழட்டவும்.