புள்ளி

ஜூன் பதினாறு என்று நாள் குறித்தது
சென்னையில், ஒன்பதாம் மாடி அறையொன்றில்.
அன்று காவேரிப்பட்டினம் சாலையில்
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
பெட்ரோல் பங்கையும் தாண்டி நின்றன.

எடைமேடையில் நாகவேணி.
காம்பை முகர்ந்தே கழிவு சொல்வாள்:
டன்னுக்கு முப்பது கிலோ, இதற்கு ஐம்பது.
அவள் கோடு போட்ட நோட்டை
"இனி இது வேண்டாம்மா" என்று
வாங்கி வைத்துக்கொண்டவன் நான்தான்.

கழிவுக்குக் காரணம் கேட்டது திரை.
துரு, வளைவு, விரிசல், மற்றவை.
மற்றவை என்றால் எழுத வேண்டும்,
எழுதாமல் அடுத்த பக்கம் வராது.
முன்பு ஓர் இரும்பாலைக்குச் செய்த கட்டம்.
மாற்றக் கேட்டார்கள்.
தனிக் கட்டணம் என்றோம்.

பின்னால் ஹாரன்.
திம்மராயன் வண்டியின் அடியில்
சாறு சொட்டத் தொடங்கியிருந்தது.
அவள் ஒரு புள்ளி தட்டினாள்.
திரை வழிவிட்டது.

மாலை, தலைமையகத்தில்
கேக் வெட்டும் படம் வந்தது,
கிரீமில் எங்கள் கம்பெனிப் பெயர்.

மறு வருஷம் மொத்தத்தையும் நிறுத்தினார்கள்.
ஏன் என்று அறிக்கை எழுத
என்னையே அனுப்பினார்கள்.
பன்னிரண்டாயிரம் வரிகள்,
ஒவ்வொன்றிலும் காரணம்: ஒற்றைப் புள்ளி.
"பயிற்சி போதவில்லை" என்று ஆரம்பித்தேன்.

டீ நேரத்தில் அவளிடமே கேட்டேன்.
குவியலில் ஒரு பழம் எடுத்துத் திருப்பினாள்.
தோலில் கடுகளவு கறுப்பு,
பக்கத்தில் இன்னொன்று.
"அதைத்தானே சார் வெச்சேன்.
புள்ளி."

மேசைக்கடியில் ஒரு நோட்டு.
புது அட்டை.
முக்கால்வாசி நிரம்பியிருந்தது.