வால் பக்கம்

ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
சுண்டுவிரல் நுனியளவு குப்பி,
அடியில் ஒரு துளி.
அதுவும் தவறான துளி.

களைத்துப்போன டி செல்லின் மேல் முளைக்கும்
ஒரு புரதத்தைப் பிடிக்க
பட்டியலில் நாற்பத்தொரு குளோன்கள்.
நான் விலையைப் பார்த்தேன்.
படத்தில் கறுப்புக் கோடு
துப்புரவாக விழுந்திருந்தது, அதையும் பார்த்தேன்.
கீழே பொடி எழுத்தில் இருந்ததை
ஹூய் சின்தான் படித்துக் காட்டினாள்:
கொதிக்க வைத்து, மடிப்புக் கலைத்து,
நீட்டிப் போட்ட புரதத்தை மட்டுமே அறியும்.
உயிரோடு சுருண்டு செல்லின் தோலில் நிற்பதை
அறியாது.

பிணவறைக்கு வந்தால் மட்டும்
அடையாளம் சொல்லும் சொந்தக்காரன், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மானியக் கணக்கு அவள் கையில்.

இரண்டாவது குப்பி பாயான் லெப்பாஸில் இறங்கியது
வெள்ளி சாயங்காலம்.
சனியும் ஞாயிறும் சரக்குக் கிடங்கில்.
திங்கள் பெட்டியைத் திறந்தால்
ஐஸ் பைகள் தொளதொளவென்று
மீன் சந்தை நெகிழிப்பை மாதிரி.
தப்பித்திருக்கும், என்றார் பஹரின்,
குப்பியைப் பார்க்காமல்.

குளுகோர் மேட்டில் மழை.
ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டும்;
இந்த மாடியில் அப்படி யாருமில்லை,
என்னுடையதை எடுத்தோம்.

பாதி பாதியாகக் குறைத்து ஐந்து குழாய்:
ஐந்து, இரண்டரை, ஒன்றேகால்,
அரையே அரைக்கால், காலே வீசம்.
பள்ளியில் யாரும் சொல்லித்தராத கணக்கு,
பிப்பெட் முனையில் தானாக வந்தது.

திரையில் வலப்பக்க மூலை
தேன்கூட்டைக் கலைத்ததுபோல் நிறைந்தது.
பஹரின் கைதட்டினார்.
ஆறாவது குழாய் பாக்கி, என்றாள் ஹூய் சின்.

எதையும் தேடப் பிறக்காத ஆன்டிபாடி அதில்,
வெறும் ஒப்பீட்டுக்கு.
அதுவும் ஒளிர்ந்தது.
அதே மூலை, அதே கூட்டம்.

மோனோசைட்டுகள்.
அவை முகம் பார்ப்பதில்லை,
வருகிற ஆன்டிபாடியை எல்லாம்
வால் பக்கம் பிடித்துக்கொள்ளும்.
என் ரத்தம்தானே, ஆச்சரியமில்லை.
தடுப்புக் கரைசலை மறந்தது நான்.
பத்து நிமிட வேலை அது.

மறுபடி. கழுவி, தடுத்து, காத்திருந்து.
பாலத்தில் விளக்குகள் வந்துவிட்டன.
மூலை காலியானது.
நடுவில் ஒரு சிறு திட்டு,
நூற்றுக்கு நான்கு,
மங்கல்.

ஹூய் சின் கணக்கு ஏட்டை மூடினாள்.
நாற்காலியை என் பக்கம் இழுத்து உட்கார்ந்தாள்.
பெரிதாக்கு, என்றாள்.