எழுபத்தாறு சென்டிமீட்டர்

சுவரோரம் வெறுங்காலில் நின்று
தடித்த சமையல் புத்தகம் ஒன்றைத்
தொடைகளுக்கு நடுவே மேலே இறுக்கி
அதன் முதுகு தொட்ட இடத்தில்
பென்சிலால் கோடு போட்டேன்.
எழுபத்தாறு.
நாற்பத்து நான்கு வயதில்தான் தெரிந்தது
என் கால் எவ்வளவு என்று.

கையில் முந்நூறு யூரோ.
அதில் இருபது பிரேக் கட்டைகளுக்கு,
முன்கூட்டியே ஒதுக்கியது.
மிச்சத்தில் ஒரு சைக்கிள்.
பந்தயத்துக்கு அல்ல.
கெண்ட் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்,
தண்டவாளம் போகிற இடமெல்லாம் போய்
தண்டவாளம் திரும்புகிற இடத்தில் திரும்பி
பதினாறு வருடம்.
ஞாயிற்றுக்கிழமையாவது
நான் திருப்பினால் திரும்புகிற ஒன்று.

முதலாவது லேடபெர்க்கில், மூன்றாம் மாடி.
பாவோ என்கிற மாணவன்
கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தான்
மற்றவர்கள் சாமி படம் மாட்டுகிற இடத்தில்.
செர்ரிச் சிவப்பு. ஒல்லி எஃகு.
சுண்டினால் கிண்ணென்றது.
"சீட்டை இறக்கினால் போதும்" என்றான்.
இறக்கினோம்.
தெருவில் ஏறிக் கை நீட்டினேன்.
கடன் கேட்கப் போன வீட்டில்
நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்பவர் போல
ஹேண்டில்பார் தள்ளியே இருந்தது.
இருநூற்று நாற்பதுக்குத் தருகிறேன் என்றான்.
ஆசைதான்.
செருப்புக்காகக் காலை வெட்டலாமா என்பார்கள்;
இதற்கு நான்
காலையும் கையையும் வளர்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது மரியாகெர்க்கவில் ஒரு கராஜ்.
கார்பன்.
இருநூற்று எண்பது என்றதுமே
வயிற்றில் ஏதோ திரும்பிப் படுத்தது.
ஸ்டிக்கர்கள் எல்லாம் நேர்.
கீழ்க்குழாயில் ஒன்று மட்டும் கோணல்.
நகத்தால் ஓரத்தை நெம்பினேன்.
மயிரிழைக் கோடு.
"வெறும் பெயின்ட்" என்றார்.
டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்கள்
இந்தக் குரலில்தான்
எனக்குக் காலை வணக்கம் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மழை.
யோரிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
கேஸ் பில்லை மட்டும்
என் தட்டருகே இருந்து
தன் தட்டருகே நகர்த்திக்கொண்டான்.

வெட்டரெனில் கடுகு நிறம்.
யாரும் காதலிக்க முடியாத கடுகு.
பின்பக்கம் பூனை பிறாண்டியது போல் கீறல்.
அன்னெலோர் கதவைத் திறந்தாள்,
நின்றோம், கண்ணுக்கு நேர் கண்.
முழங்கை அவளுக்கு மடங்கும் இடத்தில்
எனக்கும் மடங்கியது.
ஹேண்டில்பாரின் கழுத்தைக் குட்டையாக்கி,
அடியில் நான்கு வளையம் கோத்து உயர்த்தியிருந்தாள்.
"பந்தயக்காரர்கள் சிரிப்பார்கள்" என்றாள்.
செயினை இழுத்துப் பார்த்தேன், தொய்வில்லை.
டயர் சற்று அகலம்,
செங்கல் பாவிய தெருவை மன்னிக்கிற அகலம்.
சீட் குழாயில்
வெளிறிய நீல டேப் ஒரு சுற்று,
அவள் உயரத்துக்கான அடையாளம்.
ஏறினேன்.
ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

என் டிரைவர் அட்டையை அடமானமாக வைத்துவிட்டு
ஷெல்டே கரையில் பாலம் வரை என்று போனவள்
அடுத்த பாலத்தில்தான் நினைவு வந்து நின்றேன்.
மூன்றாம் நிறுத்தத்திலேயே
பேசத் தொடங்குகிற என் இடுப்பு
இன்னும் வாய் திறக்கவில்லை.
கையை உதறிப் பார்த்தேன்.
மரத்துப்போகவில்லை.

ஏன் விற்கிறாய் என்று கேட்க வேண்டும்,
அதுதான் முறை.
கேட்டேன்.
"போதும் என்று இருந்தது" என்றாள்,
இருநூற்று முப்பதை எண்ணாமல் பைக்குள் போட்டாள்.
தெருமுனை திரும்பும்போது பார்த்தேன்,
அதே இடத்தில் நின்றிருந்தாள்,
கைகள் காற்றில் இல்லாத எதையோ பிடித்தபடி.

பிரேக் கட்டை முப்பத்தொன்று ஆயிற்று.

கோரன்மார்க்ட் பக்கம்
தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டிக் கடந்தேன்.
சக்கரம் அதற்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று
இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்?
பின்னால் மணி அடித்தது.
ஸ்டைன், மாலை ஷிஃப்ட்.
நகரு என்று அடித்தானா
நான்தான் என்று தெரிந்து அடித்தானா,
நாளைக்குக் கேட்க வேண்டும்.

டேப்பைப் பிரிக்கவில்லை.